கம்பம் கணவாய்க் காற்றும் கியோட்டோ ஒப்பந்தமும்

புவி வெப்பமயமாதல் என்றதும் எல்லோருக்கும் உருகும் பனிமலைதான் நினைவுக்கு வரும். ஆனால் அந்தச் சர்வதேசப் பேரத்தின் கணக்குப் புத்தகத்தில் தேனி மாவட்டத்துக்கும் ஒரு பக்கம் உண்டு!

கதை 1991-ல் தொடங்குகிறது. அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் அந்த ஆண்டு ஒரு கேள்வி எழுப்பினார்கள். ஏழை விவசாயியின் நெல்வயலில் கிளம்பும் மீத்தேனையும் பணக்கார நாட்டுக் கார் கக்கும் புகையையும் ஒரே தராசில் நிறுக்கலாமா? பெரியாற்றுத் தண்ணீரில் இருபோகம் விளையும் கம்பம் பள்ளத்தாக்குக்கு இது அந்நியமான கேள்வி அல்ல. 1992 ரியோ மாநாடு "பொதுவான, ஆனால் வேறுபட்ட பொறுப்பு" என்ற கொள்கையை ஏற்றது.

1997-ல் கியோட்டோ ஒப்பந்தம் உருவானது. 2005-ல் நடைமுறைக்கு வந்தது. பணக்கார நாடுகளுக்குக் கட்டாய இலக்கு, இந்தியாவுக்கு இல்லை. அவர்கள் இலக்கை எட்ட இன்னொரு வழியும் தரப்பட்டது. வளரும் நாட்டில் ஒரு டன் கரியமில வாயு தவிர்க்கப்பட்டால் ஒரு 'கார்பன் கிரெடிட்'. அதை விலைக்கு வாங்கிக்கொள்ளலாம்.

தென்மேற்குப் பருவக்காற்று கம்பம் கணவாய் வழியே பலமாக வீசுவதால் தேனி, ஆண்டிபட்டி பகுதிகளில் காற்றாலைகள் முளைத்தன. தமிழகக் காற்றாலைகள் பல, தேனி மாவட்டத்தில் உள்ளவை உட்பட, இத்திட்டத்தில் சேர்ந்தன.

வணிகவியல் கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஒரு மெகாவாட் காற்றாலை ஆண்டுக்குச் சுமார் 2,000 டன் மிச்சப்படுத்துகிறது என்று வையுங்கள். கிரெடிட் 15 யூரோ என்றால் வருமானம் 30,000 யூரோ. அரை யூரோ என்றால் வெறும் 1,000! கற்பனை அல்ல, 2008-ல் 20 யூரோவைத் தாண்டிய விலை 2012 இறுதியில் ஒரு யூரோவுக்கும் கீழே போனது. பொருளாதார மந்தத்தால் ஐரோப்பாவில் தேவை குறைந்தது. போதாததற்கு, 2012-க்குப் பின் பதிவாகும் திட்டங்களில் மிகவும் பின்தங்கிய நாடுகளுடையதை மட்டுமே வாங்குவோம் என்றும் ஐரோப்பிய ஒன்றியம் முடிவெடுத்தது.

மறுபக்கமும் உண்டு. காற்றாலைக்கு அப்போது 80 சதவீத துரித தேய்மானச் சலுகை இருந்தது. வரியை மிச்சப்படுத்தவே வந்திருக்கக்கூடிய காற்றாலைக்குக் கிரெடிட் எதற்கு என்று விமர்சகர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். கிரெடிட் பணம் முதலீட்டாளருக்குப் போனது. பருவநிலை மாற்றத்தைச் சமாளிக்கும் தகவமைப்பு நிதிக்கு ஒதுக்கப்பட்டது கிரெடிட்டில் 2 சதவீதமே.

பிறகு 2009 கோபன்ஹேகன்: 2020-க்குள் ஆண்டுக்கு 10,000 கோடி டாலர் என்று வாக்குறுதி. ஓ.இ.சி.டி. கணக்குப்படியே அது நிறைவேறியது 2022-ல்தான். அரசு நிதியில் பெரும்பகுதி கடன். 2024 பாகு மாநாட்டில் வளரும் நாடுகள் கேட்டது ஆண்டுக்கு 1.3 லட்சம் கோடி டாலர். 2035-க்குள் தருவதாகப் பணக்கார நாடுகள் ஒப்புக்கொண்டது 30,000 கோடி. இந்தியா அந்த அரங்கிலேயே எதிர்ப்பைப் பதிவு செய்தது.

கம்பம் திராட்சை விவசாயிக்கு இந்தப் பாடம் புதிதல்ல. விலையை வாங்குபவனே தீர்மானிக்கும் சந்தையில், விளைச்சல் எவ்வளவு இருந்தாலும் விற்பவன் கை கீழேதான். பருவநிலை நிதி கடனோ தானமோ சந்தைச் சரக்கோ அல்ல, கொடுக்க வேண்டிய பாக்கி என்று வளரும் நாடுகள் வாதாடுவது அதனால்தான்.