மைசூர்ச் சித்திரங்களும் தமிழ்க் குடும்பங்களும்

ஒரு நகரத்தில் குடியிருப்பது வேறு. அந்நகரத்தை அறிந்து வாழ்வது வேறு. உத்தியோகத்தின் பொருட்டு ஊர் விட்டு ஊர் வந்த நம் போன்ற குடும்பங்களுக்கு முதலாவது எளிதில் வாய்த்துவிடுகிறது. வாடகை வீடு, பால் கணக்கு, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், ஆண்டுக்கொரு முறை சொந்த ஊருக்கு ரயில் பயணம் என்று வாழ்க்கை ஓர் ஒழுங்கில் அமைந்துவிடுகிறது. இரண்டாவது அவ்வாறு தானாக அமைவதன்று. நாமே தேடிச் சென்று அடைய வேண்டியது. மைசூர் அக்ரஹாரத்தில் இருபது ஆண்டுகள் வாழ்ந்தும், நடந்தே செல்லக்கூடிய ஜகன்மோகன அரண்மனையின் படியை ஒருமுறையேனும் மிதியாத தமிழ்க் குடும்பங்கள் உண்டு. ஊரிலிருந்து விருந்தினர் வந்தால் அவர்களை அனுப்பிவைத்துவிட்டு, வீட்டார் சமையலைக் கவனிப்பதே வழக்கமாக இருக்கிறது.

இன்று பெரிய நகரங்களுக்கு வேலை தேடி வரும் இளைஞர்கள், ஓவியக் கண்காட்சி எங்கே, மதுக்கூடம் எங்கே, புதிய நாடகம் எங்கே என்று மூன்றையும் ஒரே மூச்சில் விசாரிக்கின்றனர். மூன்றும் மாலைப் பொழுதைக் கழிக்க உதவுபவை என்பது அவர்கள் கணக்கு. அவர்களைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. ஆயினும் நம் நகரத்தில் ஓவியம் பொதுமக்கள் காட்சிக்கு வந்த வரலாறு ஒரு மாலைப் பொழுதில் அடங்குவதன்று. அதில் தமிழ்நாட்டுக்கும் பெரும் பங்கு உண்டு. அதனைச் சுருக்கமாகக் கூறுவதே இக்கட்டுரை.

இரு சகோதரிகள்

மைசூர்ச் சித்திரமும் தஞ்சாவூர்ச் சித்திரமும் ஒரே வயிற்றில் பிறந்த சகோதரிகள். இரண்டுக்கும் தாய்வீடு விஜயநகரம். 1565-ஆம் ஆண்டில் தலைக்கோட்டைப் போரில் அப்பேரரசு சிதைந்தபோது, அதனை அண்டி வாழ்ந்த சித்திரக்காரர்கள் புதிய புரவலர்களைத் தேடித் தென்திசை நோக்கிப் பிரிந்தனர். ஒரு கிளை தஞ்சை நாயக்கர்களிடம் சென்றது. மற்றொரு கிளை ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு வந்தது. 1610-ஆம் ஆண்டில் ராஜ உடையார் ஸ்ரீரங்கப்பட்டணத்தைக் கைப்பற்றியபின், விஜயநகரத்துத் தசரா விழாவோடு அதன் சித்திரக் கலையையும் மைசூர் அரசர் பேணலாயினர்.

சகோதரிகளாயினும் அலங்காரத்தில் வேறுபாடு உண்டு. தஞ்சாவூர்ப் படத்தில் சுதை வேலை தடித்து உயர்ந்திருக்கும். அதன்மேல் பொன் தகடும் வண்ணக் கற்களும் பதித்திருப்பர். மைசூர்ப் படத்தில் சுதை மெல்லியது. விரலால் தடவினால்தான் மேடு தெரியும். கல் பதிப்பது அரிது. மெல்லிய கோட்டிலும் முகத்தின் சாந்தத்திலும் அதன் அழகு தங்கியிருக்கிறது. கல்யாணத்துக்கு வந்த அக்காளும், கோயிலுக்குப் புறப்பட்ட தங்கையும் போல என்று சொல்லலாம்.

இவ்விரு கலைகளும் செழித்த காலத்தை நோக்கினால் ஓர் ஒற்றுமை புலப்படும். 1799-ஆம் ஆண்டில் திப்பு சுல்தான் வீழ்ந்தபின், ஐந்து வயதுக் குழந்தையான மூன்றாம் கிருஷ்ணராஜ உடையாரை ஆங்கிலேயர் மைசூர் அரியணையில் அமர்த்தினர். அதே 1799-ஆம் ஆண்டில்தான் தஞ்சையில் இரண்டாம் சரபோஜி மன்னர் நாட்டின் நிர்வாகத்தை உடன்படிக்கையின்படி கும்பினியாரிடம் ஒப்படைத்தார். மைசூரில் கிருஷ்ணராஜரிடமிருந்த நிர்வாகத்தையும் 1831-இல் ஆங்கிலேயர் எடுத்துக்கொண்டனர். பட்டம் இருந்தது, படையும் வரியும் கையில் இல்லை. அத்தகைய நிலையில் சிலர் களியாட்டத்தில் வீழ்வர். இவ்விரு மன்னர்களும் அவ்வாறு செய்யவில்லை. சரபோஜி சரசுவதி மகாலில் ஏடுகளைத் திரட்டினார். ஓவியரையும் இசைவாணரையும் ஆதரித்தார். கிருஷ்ணராஜர் தெய்வ உருவங்களின் இலக்கணத்தைப் படங்களோடு கூறும் ஸ்ரீதத்துவநிதி என்னும் பெருநூலைத் தொகுப்பித்தார். 1861-இல் ஜகன்மோகன அரண்மனையை எழுப்பினார். நாடாளும் உரிமை கைவிட்டுப் போன இரு மன்னர் நமக்கு விட்டுச் சென்ற செல்வமே இவ்விரு சித்திர மரபுகளின் பெரும் பகுதி.

ரவிவர்மாவும் நம் பூஜை அறையும்

அடுத்த மாறுதல் எண்ணெய் வண்ணத்தோடு வந்தது. கிளிமானூரில் 1848-இல் பிறந்த ரவிவர்மா திருவிதாங்கூர் அரண்மனையில் சித்திரம் பயின்றார். அங்கே அரசவை ஓவியராக இருந்தவர் மதுரை ராமசாமி நாயக்கர். எண்ணெய் வண்ணத்தின் நுட்பத்தை அவர் இளைஞருக்குக் கற்றுத்தர மறுத்தார் என்றும், அவருடைய மாணவரான ஆறுமுகம் பிள்ளை இரவில் மறைவாக வந்து தமக்குத் தெரிந்ததைச் சொல்லிக் கொடுத்தார் என்றும் ரவிவர்மாவின் வரலாற்றை எழுதியோர் கூறுவர். 1873-ஆம் ஆண்டில் சென்னைக் கண்காட்சியில் கவர்னரின் தங்கப் பதக்கம் பெற்றபின் அவர் பெயர் நாடெங்கும் பரவியது. 1885-இல் பத்தாம் சாமராஜேந்திர உடையார் அவரை மைசூருக்கு வரவழைத்தார். பின்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையார் காலத்திலும் மைசூர் அரண்மனைக்கென அவர் புராணப் படங்கள் தீட்டினார். 1906-இல் அவர் காலமானார்.

மன்னர்க்குத் தீட்டிய படத்தை நம் பாட்டிமார் எவ்வாறு கண்டனர்? அதற்கு விடை அச்சு யந்திரம். 1894-இல் ரவிவர்மா பம்பாயில் கல்லச்சுக்கூடம் ஒன்றை நிறுவினார். பின்னர் அது பூனா செல்லும் இருப்புப் பாதையில் லோனாவ்லாவை அடுத்த மாளவ்லிக்கு மாறியது. அங்கிருந்து லட்சுமியும் சரசுவதியும் வண்ணத்தாளில் ஊர்தோறும் புறப்பட்டனர். அதுவரை தெய்வத்தின் திருவுருவைக் காணக் கோயிலுக்குப் போக வேண்டும். பொன் தகட்டுப் படம் வேண்டுமாயின் செல்வராக இருக்க வேண்டும். வண்ணத்தாள் வந்தபின் சில அணா சம்பளக்காரர் வீட்டுச் சுவரிலும் தாமரை மலர்ந்தது. அக்ரஹாரத்துப் பழைய வீடுகளில் கரையான் அரித்த சட்டத்தினுள் இன்றும் இருக்கும் படங்கள் சில அக்காலத்தவை. பழைய வீட்டை இடித்து மாடி கட்டுவோர் அவற்றைக் குப்பையோடு சேர்த்துவிடுவதைக் காண்கிறோம். தாளின் அடியில் அச்சுக்கூடத்தின் பெயர் இருக்கிறதா என்று பார்த்தபின் முடிவு செய்தல் நலம்.

அரண்மனை சித்திரசாலையானது

1897-ஆம் ஆண்டில் ராஜகுமாரியின் திருமண வைபவத்தின்போது பழைய மர அரண்மனை தீக்கிரையாயிற்று. ஹென்றி இர்வின் என்னும் ஆங்கிலச் சிற்பியின் திட்டப்படி இன்றைய அரண்மனை 1912-இல் முற்றுப்பெற்றது. இடைப்பட்ட ஆண்டுகளில் அரச காரியங்கள் ஜகன்மோகனத்தில் நடைபெற்றன. 1902-இல் கர்ஸன் பிரபு முன்னிலையில் நான்காம் கிருஷ்ணராஜ உடையார் ஆட்சிப் பொறுப்பேற்றதும் அங்கேதான். புதிய அரண்மனை எழுந்தபின் பழைய மண்டபத்துக்கு என்ன வேலை? பூட்டி வைத்திருக்கலாம். மன்னர் அதனை 1915-இல் சித்திரசாலையாக்கிப் பொதுமக்களுக்குத் திறந்தார். அரசர் மட்டும் கண்ட படங்களை ஆலைத் தொழிலாளியும் பள்ளிப் பிள்ளையும் காணும் உரிமை அன்று பிறந்தது. அடையாற்றோடு தொடர்புடைய அயர்லாந்துக் கவிஞர் ஜேம்ஸ் கஸின்ஸ் நவீன இந்திய ஓவியங்களைச் சேர்க்கும் பணியில் பின்னர் உதவினார். ஜயசாமராஜேந்திர உடையாரின் பெயரை இன்று அச்சித்திரசாலை தாங்கி நிற்கிறது.

அங்கே ரவிவர்மாவின் புராணப் படங்கள் உள்ளன. ரோரிக் என்னும் ருஷிய ஓவியரின் இமயமலைக் காட்சிகள் உள்ளன. பொம்மை வீரர்கள் அணிவகுக்கும் பிரெஞ்சுக் கடிகாரம் ஒன்றும் உள்ளது. குழந்தைகள் அக்கடிகாரத்தை விட்டு அகலார். பெரியோர் நெடுநேரம் நிற்பது கையில் விளக்கேந்திய பெண்ணின் படத்தின் முன். இருட்டிய அறையில் அவள் முகத்தில் விழும் ஒளி மெய்யான சுடரோ என்று மயங்க வைக்கும். அதனை ரவிவர்மாவின் படம் என்று பலர் தம் பிள்ளைகளுக்குச் சொல்லக் கேட்கிறோம். அது தவறு. ரவிவர்மா மறைந்து ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கழித்து, 1940-களில், எஸ். எல். ஹல்தண்கர் என்னும் மராட்டிய ஓவியர் தம் மகளை நிற்கவைத்துத் தீட்டியது அது. மேலும் அது எண்ணெய் வண்ணமன்று, நீர் வண்ணம். நீர் வண்ணத்தில் பிழையாகத் தீட்டியதை மேலே பூசி மறைத்தல் கடினம். இதனை அறிந்தபின் அப்படத்தைப் பார்ப்பவர் முன்னிலும் சற்று அதிக நேரம் நிற்பர்.

கண்காட்சியும் கச்சேரியும்

தசரா நாட்களில் தொடங்கும் பொருட்காட்சி இந்நகரத்தின் மற்றொரு கலைப்பள்ளி. மன்னர் காலத்தில் உழவும் தொழிலும் வளர வேண்டுமென்று தொடங்கப்பட்டது. இன்று தொட்டகெரெ மைதானத்தில் நடைபெறுகிறது. அப்பளமும் ராட்டினமும் அங்கே முதன்மை பெற்றுவிட்டன என்று முதியோர் வருந்துவர். ஆயினும் கருங்காலி, ஈட்டி மரங்களில் இழைத்துப் பதித்த வேலையை ஒரு சாமானியக் குடும்பம் நுழைவுச் சீட்டு ஒன்றின் விலையில் கண்டு களிக்க அதனைப் போன்ற இடம் வேறில்லை. 1906-இல் அடிக்கல் நாட்டப்பெற்ற சாமராஜேந்திரர் தொழிற்கல்விச் சாலை அக்கைவேலைக்கு உரம் ஊட்டியது. சயாஜிராவ் சாலையில் அதன் கட்டடத்தை நாம் நாள்தோறும் கடந்து செல்கிறோம்.

இசையிலோ கொள்வினையும் கொடுப்பினையும் சமமாக நடந்தன. மைசூர் வாசுதேவாசாரியர் அரண்மனையின் உதவிச் சம்பளத்துடன் திருவையாறு சென்று, பட்டணம் சுப்பிரமணிய ஐயரிடம் குருகுலவாசம் செய்தார். தமிழ்நாட்டிலிருந்து ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் மைசூர் ஆஸ்தானத்துக்கு வந்து, சாமுண்டீசுவரி மீது 108 கீர்த்தனங்கள் இயற்றினார். காவிரி அங்கே பாய்கிறது. வித்தை இரு திசையிலும் பாய்ந்தது. நாடகத்துறையில் பி. வி. காரந்த் தலைமையில் 1989-இல் தோன்றிய ரங்காயணம் இன்று பிற மாநில நாடகங்களையும் வரவழைத்து விழா எடுக்கிறது. மொழி முற்றும் விளங்காவிடினும் நடிப்பு விளங்கும். இரண்டாம் முறை சென்றால் மொழியும் பாதி விளங்கும்.

மதுக்கூடங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அவை எல்லா நகரங்களிலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. பெயர்ப் பலகையை மாற்றினால் பம்பாயும் மைசூரும் ஒன்றே. மைசூருக்குரிய கூடம் காபி ஓட்டலே. கச்சேரி கேட்டோர் ராகத்தைப் பற்றி வாதாடியதும், பத்திரிகை படித்தோர் அரசியல் பேசியதும் அரை கப் காபியின் முன்னால்தான். அந்தச் சபைக்கு நுழைவுக் கட்டணம் மிகக் குறைவு. வீட்டுக்குத் திரும்பும்போது தலையும் நிமிர்ந்திருக்கும்.

நம் இடம் எது?

இவ்வளவும் அறிந்தபின் ஒரு கேள்வி எழுகிறது. இக்கலைச் செல்வத்தில் நமக்குப் பங்கு உண்டா, அன்றி நாம் விருந்தினரா? கேள்வி புதிதன்று. 1881-இல் ஆட்சி உடையார்களிடம் மீண்டபோது திவானான ரங்காசார்லுவும், அவருக்குப்பின் 1901 வரை திவானாக இருந்த சேஷாத்திரி ஐயரும் சென்னை மாகாணத்திலிருந்து வந்தவர்கள். அவர்களோடு பல உத்தியோகஸ்தரும் வந்தனர். மைசூர் மைசூரியருக்கே என்ற குரல் அக்காலத்தில் எழுந்தது. உள்ளூர்ப் படிப்பாளிக்கு உத்தியோகம் கிட்டாதபோது அவர் மனம் நொந்ததில் வியப்பில்லை. 1991-ஆம் ஆண்டுக் காவிரிக் கலவர நாட்களில் கதவை அடைத்துக்கொண்டு கவலையோடு இருந்த குடும்பங்கள் நம் சங்கத்திலும் உண்டு. அந்நாட்களில் அரிசியும் பாலும் கொண்டுவந்து கொடுத்த கன்னட அண்டை வீட்டாரும் உண்டு. இரண்டையும் நாம் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

இதற்கு வழிகாட்டும் ஒரு தமிழ்க் குடும்பம் இந்நகரத்திலேயே வாழ்ந்தது. மகாராஜா பள்ளியின் தலைமை ஆசிரியராக வந்தவரின் மகன் ஆர். கே. நாராயண். அவர் சென்னையில் 1906-இல் பிறந்தாலும் இந்நகரத் தெருக்களில் நடந்து நடந்தே தம் கதைகளைக் கண்டெடுத்தார். 1921-இல் மைசூரில் பிறந்த இளைய சகோதரர் லட்சுமணன், இடம் தர மறுத்த பம்பாய் ஓவியப் பள்ளியைப் பொருட்படுத்தாமல், தெருவில் கண்டவற்றையே வரைந்து வரைந்து நாடறிந்த கேலிச்சித்திரக்காரரானார். யாதவகிரியில் நாராயண் வாழ்ந்த வீடு 2016-இல் நினைவில்லமாயிற்று. அவ்வீட்டை இடிக்காமல் காத்தவர்கள் அவர் எம்மொழியினர் என்று பார்க்கவில்லை. நகரத்தை நேசித்துப் பார்த்தவரை நகரமும் தன்னவராகக் கொண்டது.

ஆகையால் நம் சங்க அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையைச் சித்திரசாலைக்கென ஒதுக்குங்கள். படத்தின் கீழுள்ள கன்னட எழுத்தைப் பிள்ளைகள் படிக்கட்டும். பள்ளியில் கற்ற அவ்வெழுத்தைத் தாய்மார் அவர்களிடம் கேட்டறியட்டும். அதற்கு மாற்றாக, தஞ்சாவூர்ப் படத்துக்கும் மைசூர்ப் படத்துக்கும் உள்ள வேறுபாட்டைப் பாட்டிமார் பேரப்பிள்ளைகளுக்குக் காட்டட்டும். அடுத்த வீட்டுக் கன்னடக் குடும்பத்தையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். காணும் கண்ணுக்கு மொழி வேற்றுமை இல்லை. இச்சிறு பயணத்துக்கு டிக்கெட் எடுக்க நாம் ரயிலடிக்குப் போக வேண்டியதில்லை; செருப்பை மாட்டிக்கொண்டு புறப்பட்டால் போதும்.