சிரிப்புக்குச் சிறை!

மன்னர் பட்டியலையும் போர் நடந்த ஆண்டுகளையுமே வரலாறு என்று மாணவருக்கு ஓதி வருகிறோம் நாம். ஒலிவாங்கியன்றி வேறு படைக்கலம் ஏந்தாத ஒருவரைக் கண்டு ஆட்சிபீடம் அஞ்சியதே, அது வரலாறாகாதா?

அமெரிக்க நாட்டிலே 1925இல் பிறந்த லென்னி புரூஸ், இரவு விடுதிகளில் தனியொருவராக மேடையேறி மக்களைச் சிரிக்க வைத்தவர். மாமியார் கேலியோடு நின்றிருந்தால் மாலைகள் விழுந்திருக்கும்! அவரோ, மதத் தலைவர்களை வணிகக் குழுவினராகச் சித்திரித்து நையாண்டி செய்தார், நிறவெறியைத் தோலுரித்தார், ஒழுக்கம் பேசுவோரின் போலி நாணத்தை எள்ளி நகைத்தார்.

பொறுப்பார்களா? 1961இல் சான்பிரான்சிஸ்கோவில் ஆபாசப் பேச்சென்று கைது செய்தனர். ஜூரிகள் குற்றமற்றவர் என்றனர். 1962இல் சிகாகோவில், பேசிக்கொண்டிருக்கும்போதே கைது. 1964இல் நியூயார்க்கில் மீண்டும் கைது. அங்கே உரிமத்துறை ஆய்வாளர் ஒருவர், தாம் குறித்து வைத்த பேச்சை நீதிமன்றத்தில் திருப்பிச் சொன்னார். தம் பேச்சை மற்றவர் சிதைத்துரைக்க, அதற்குத் தாம் தண்டனை ஏற்பதா என்று குமுறினார் புரூஸ். ஜேம்ஸ் பால்ட்வின், நார்மன் மெய்லர் போன்ற எழுத்தாளர்கள் கண்டனம் தெரிவித்தனர். எனினும், மூன்று நீதிபதிகளில் இருவர் குற்றவாளி என்றனர். தண்டனை, நான்கு மாதச் சிறை!

விடுதிகள் அஞ்சிக் கதவடைத்தன. வழக்குகள் அவரை ஓட்டாண்டியாக்கின. மேல்முறையீடு முடியுமுன்பே, 1966 ஆகஸ்ட் 3ஆம் நாள், நாற்பதாம் வயதில் மாண்டார். உயிர் குடித்தது போதை மருந்து. அக்குறையை நாம் மறைக்க வேண்டியதில்லை.

ஆள் மாண்டார்; அந்தச் சிரிப்பு மாளவில்லை. சிகாகோவில் அவர் கைதான இரவில், பார்வையாளர் நடுவே இருந்த இளைஞர் ஒருவர், அடையாளச் சீட்டைக் காட்ட மறுத்துத் தாமும் கைதானார். அவர்தான் ஜார்ஜ் கார்லின்! தொலைக்காட்சியில் சொல்லக்கூடாத ஏழு சொற்களை மேடையில் சொன்னதற்காக 1972இல் மில்வாக்கியில் அவரும் கைதானார், வழக்கு தள்ளுபடியாயிற்று. அப்பேச்சின் வானொலி ஒலிபரப்பு உச்சநீதிமன்றம் வரை சென்றது. 1978இல் ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில் கட்டுப்பாடே வென்றது. கார்லின் ஓய்ந்தாரா? 2008இல் மறையும் வரை மதத்தையும் அதிகாரத்தையும் மேடைதோறும் வினாக்கூண்டில் நிறுத்தினார்.

2003இல் நியூயார்க் ஆளுநர் ஜார்ஜ் படாக்கி, இறந்துபோன புரூசுக்கு மன்னிப்பு வழங்கினார். மன்னிப்பாம்! 37 ஆண்டுகளுக்கு முன் மடிந்தவருக்கு!

நாம் கேட்கிறோம், தோழர்களே: குற்றம் புரிந்தது யார்? மன்னிப்புக் கோரியிருக்க வேண்டியது யார்?