தன்னியக்கக் குவிய மோட்டார் (பிற நிறுவன லென்ஸ்களில்)

தன்னியக்கக் குவிய மோட்டார் என்பது, காட்சியின் குவியம் எவ்வளவு பிசகியிருக்கிறது என்பதைக் கேமரா தானே கணித்தறிந்தவுடன், லென்ஸுக்குள் இருக்கும் கண்ணாடித் தொகுதியை உரிய ஸ்தானத்துக்கு நகர்த்தி நிறுத்தும் சிறு யந்திரமாகும். நிக்கான், கேனான் முதலிய கேமரா நிறுவனங்கள் தம் கேமராவுக்குத் தாமே செய்யும் லென்ஸ்களில் இம்மோட்டார் பற்றிய கேள்வி பெரிதாக எழுவதில்லை. சிக்மா, டாம்ரான், டோக்கினா போன்ற பிற நிறுவனங்களுக்கோ, ஒரே லென்ஸைப் பல கேமராக்களுக்கும் பொருந்தச் செய்ய வேண்டியிருந்தமையாலும், கேமராவும் லென்ஸும் பேசிக்கொள்ளும் மின்சமிக்ஞைகளைப் பெரும்பாலும் தாமே ஆராய்ந்து கண்டுகொள்ள நேர்ந்தமையாலும், அவற்றின் லென்ஸை வாங்குவோன் கண்ணாடியின் தரத்தோடு மோட்டாரின் வகையையும் விசாரித்தே தீரவேண்டும்.

கல்கத்தாவில் இவ்விசாரணை நாள்தோறும் நடக்கும் இடம் எஸ்பிளனேடில் மெட்ரோ சினிமாவை ஒட்டிய மெட்ரோ கலி என்னும் சந்து. கேமராக் கடைகளும் பழுது பார்ப்போரும் நெருங்கியிருக்கும் அச்சந்து, 2016இல் மூடப்பட்ட பழம்பெரும் போர்ன் அண்டு ஷெப்பர்டு புகைப்பட நிலையம் இருந்த அதே வட்டாரத்தைச் சேர்ந்தது. நுண்கருவித் தொழில் இந்நகருக்குப் புதிதன்று: 1830இல் இங்கே நில அளவைத் துறைக்கென ஏற்பட்ட கணிதக் கருவி அலுவலகத்தில், நம் ஆர்க்காட்டைச் சேர்ந்த சையத் மீர் மொஹ்ஸின் ஹுசேன் தம் கைத்திறத்தால் உயர்பதவி பெற்றார், அவ்வலுவலகத்தின் வழிவந்த யாதவ்பூர் நேஷனல் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் தொழிற்சாலை ‘நேஷனல் 35’ என்ற கேமராவையும் செய்தது.

மோட்டார் வகைகளுள் முதலில் பரவலானது, லென்ஸில் மோட்டாரே இல்லாத வகை. 1985இல் மினோல்டா 7000 கேமராவும், அடுத்த ஆண்டு நிக்கான் எஃப்-501 கேமராவும் மோட்டாரைக் கேமராவின் உடலிலேயே வைத்து, லென்ஸ் பொருந்தும் வாய்வளையத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் திருப்புளி முனை போன்ற ஒரு சிறு தண்டின் மூலம் லென்ஸைச் சுழற்றின. 1987இல் கேனான் இதற்கு நேர்மாறாக ஒவ்வொரு லென்ஸிலும் தனி மோட்டாரை அமைத்தது. 2006இல் நிக்கான் டி40 என்னும் மலிவான கேமராவில் உடல்மோட்டார் நீக்கப்பட்டபோது, பிற நிறுவன லென்ஸ்களை வைத்திருந்தோருக்குத் தொல்லை தொடங்கிற்று. டோக்கினாவின் புகழ்பெற்ற 11-16 மில்லிமீட்டர் லென்ஸின் முதற்பதிப்பு நிக்கான் வடிவில் உள்மோட்டார் இல்லாதது. டி40, டி3100, டி5100 போன்ற கேமராக்களில் அதைக் கையால் திருப்பித்தான் குவியப்படுத்த வேண்டும். இரண்டாம் பதிப்பில்தான் மோட்டார் வந்தது. வெளிப்பார்வைக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே இருப்பதால், பழைய லென்ஸ் வாங்குவோர் ஏமாறுவதற்கு இதைவிடத் தகுந்த உதாரணம் இல்லை.

லென்ஸுக்குள் வந்த மோட்டார்களிலும் எளியது, பல்சக்கரங்களோடு கூடிய சிறு மின்மோட்டார். டாம்ரானின் பழைய லென்ஸ்கள் பலவற்றில் இதுவே உண்டு. சற்றுச் சப்தமிடும், தன்னியக்க நிலையிலேயே வளையத்தைக் கையால் திருப்பினால் பற்கள் தேயும்.

மீயொலி மோட்டார் இவற்றினும் மிக விசேஷமானது. சில படிகங்களை அழுத்தினால் மின்சாரம் பிறக்கிறது என்று 1880இல் கியூரி சகோதரர்கள் கண்ட உண்மையைத் தலைகீழாக்கினால், மின்சாரம் செலுத்தப்பட்ட பீங்கான் துண்டு நுட்பமாக விரிந்து சுருங்கும். அத்தகைய பீங்கானை ஓர் உலோக வளையத்தின் அடியில் ஒட்டி, செவிக்கு எட்டாத வேகத்தில் அதிரச் செய்தால், வளையத்தின் மேற்பரப்பில் அலைகள் சுற்றிச் சுற்றி ஓடும். அவ்வலைகளின் முகடுகள் மேலே அழுந்தியிருக்கும் மற்றொரு வளையத்தைச் சிறிது சிறிதாகத் தள்ளிச் சுழற்றும். பல்சக்கரம் வேண்டாம், மின்சாரம் நின்ற கணத்தில் உராய்வே பிடித்து நிறுத்திவிடும். கேனான் 1987இல் தன் 300 மில்லிமீட்டர் லென்ஸில் கொணர்ந்த இம்முறையைப் பிற்பாடு சிக்மா ‘எச்எஸ்எம்’ என்றும், டாம்ரான் 2010இல் ‘யுஎஸ்டி’ என்றும் பெயரிட்டு மேற்கொண்டன. ஆனால் பெயரை மட்டும் நம்புதல் கூடாது என்பதே இக்கட்டுரையாளனின் அபிப்பிராயம்: சிக்மாவின் எச்எஸ்எம் முத்திரை தாங்கிய லென்ஸ்களுள் சிலவற்றில் முழு வளைய மோட்டாரும், சிலவற்றில் சிறிய மோட்டாரோடு பல்சக்கரமும் இருக்கின்றன. தன்னியக்கத்தை நிறுத்தாமலே வளையத்தைக் கையால் திருப்ப முடிகிறதா என்று பார்ப்பது, லேபிளைப் படிப்பதைவிட நல்ல சோதனை.

உள்ளே பிரதிபலிப்பு ஆடி இல்லாத (மிரர்லெஸ்) கேமராக்கள் வந்தபின், சிறு சிறு படிகளாகச் சுழல்வதும் சலனப்படத்துக்கும் உகந்ததுமான ஸ்டெப்பிங் மோட்டாரும், ஒலிபெருக்கியின் சுருளைப் போலக் காந்தப்புலத்தில் நேர்கோட்டில் இயங்கும் லீனியர் மோட்டாரும் முதன்மை பெற்றன. டாம்ரானின் ‘ஆர்எக்ஸ்டி’ முன்னதற்கும், 2020இல் வந்த ‘விஎக்ஸ்டி’, 2023இல் வந்த சிக்மாவின் ‘எச்எல்ஏ’ ஆகியவை பின்னதற்கும் உதாரணங்கள். லீனியர் மோட்டார் லென்ஸைக் கையில் எடுத்து அசைத்தால் உள்ளே ஏதோ கழன்றதுபோல் ஆடும். மின்சாரம் இல்லாதபோது கண்ணாடித் தொகுதியைப் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லாமையே காரணம், பழுதன்று.

இவ்வேற்றுமைகளின் பயனைக் கல்கத்தாவில் களிமண் சிலை வடிக்கும் சிற்பிகளின் பகுதியான குமர்துலியில் காணலாம். மகாளய தினத்தில் துர்க்கையின் திருமுகத்தில் கண் தீட்டும் சக்ஷுதானத்தின்போது, மங்கிய வெளிச்சமுள்ள குறுகிய கொட்டகையில், சிற்பியின் மூச்சும் கேட்கும் அமைதியில், திருப்புளித் தண்டு கறகறவென்று சுழல்வது பெரும் இடையூறு. மீயொலி மோட்டாரோ மௌனமாய்ப் பணிசெய்யும். துர்க்கா பூஜையின் அஷ்டமி இரவில், தூபக்கலசம் ஏந்தி ஆடும் தூனுச்சி நடனப் புகையில் லென்ஸ் முன்னும் பின்னும் அலைந்து தடுமாறினால் மட்டும் மோட்டாரைப் பழிக்கலாகாது. அது பெரும்பாலும் புகையில் வேற்றுமை காணமுடியாத உணர்வுக் கருவியின் தடுமாற்றம்.

தண்டால் சுழலும் பழைய லென்ஸ்களின் கதி, அவை எவ்வாய்வளையத்துக்குச் செய்யப்பட்டவை என்பதைப் பொறுத்தது. நிக்கானின் இசட் வரிசைக் கேமராக்களுக்கான எஃப்டிஇசட் இணைப்பில் மோட்டார் இல்லாமையால் அவை கைக்குவிய லென்ஸ்களாகிவிடுகின்றன. சோனி பின்னர் ஏற்றுக்கொண்ட மினோல்டா வடிவில் செய்யப்பட்டவையோ, தன்னகத்தே மோட்டார் கொண்ட சோனியின் எல்ஏ-ஈஏ5 இணைப்பின் உதவியால், அதற்கு இசைந்த கேமராக்களில் இன்றும் தாமாகவே குவிகின்றன.