இடையன்குடியின் போதகர் கால்டுவெல்

தமிழ் படித்தவர்கள் ராபர்ட் கால்டுவெல்லை ஒப்பிலக்கணத்தின் ஆசிரியராகவே அறிவார்கள். ஆனால், அவர் வாழ்நாள் முழுதும் செய்தது சமயப் பணிதான்.

1814 மே 7-இல் அயர்லாந்தில் பிறந்த அவர், 1838-இல் சென்னை வந்தார். தமிழ் கற்றார். தென்கோடிக்குப் போகப் பணிக்கப்பட்டபோது, மக்களையும் அவர்களின் பேச்சையும் அறிய, பெரும்பாலும் நடந்தே சென்றார். 1841-இல் நெல்லைச் சீமையின் இடையன்குடியை அடைந்தார்.

பனைமரங்கள் நிறைந்த செம்மண் ஊர் அது. அங்கே நேரான தெருக்களை அமைத்தார், பள்ளிகளைத் திறந்தார். 1844-இல் அவர் மணந்த எலைசா, பெண்களுக்குக் கல்வியும் பின்னல் வேலையும் கற்பித்தார். 1847-இல் தொடங்கிய தேவாலயத் திருப்பணி நிறைவேற 33 ஆண்டுகள் ஆயின.

குறையும் உண்டு. தாம் பணியாற்றிய மக்களைப் பற்றி 1849-இல் அவர் எழுதிய ஆங்கில நூல், அவர்களின் மனத்தைப் புண்படுத்தியது, எதிர்ப்பு எழுந்தது.

1856-இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் வெளிவந்தது. தமிழ் வடமொழியிலிருந்து பிறந்ததல்ல, தனிக் குடும்பத்து மொழி என்று சான்றுகளோடு நிறுவிய நூல் அது. 1877-இல் பேராயரானார்.

1891 ஆகஸ்டு 28-இல் கொடைக்கானலில் காலமானார். அவரது உடல் இடையன்குடிக்குக் கொண்டுவரப்பட்டு, அவர் கட்டிய ஆலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டது.

முதல் உலகத் தமிழ் மாநாடு 1966-இல் நம் கோலாலம்பூரில் நடந்தது. 1968-இல் சென்னையில் நடந்த இரண்டாம் மாநாட்டின்போது, மெரினா கடற்கரையில் அவருக்குச் சிலை வைக்கப்பட்டது. சிலை அறிஞருக்கு, இடையன்குடியிலுள்ள கல்லறையோ போதகருக்கு.