மண் பெரிதா, உயிர் பெரிதா?

1897ஆம் ஆண்டில் தியோடர் ஹெர்சல் முதல் சியோனிச மாநாட்டை ஜெர்மனியின் மியூனிக் நகரில் கூட்டத் திட்டமிட்டார். அதற்கு எதிர்ப்புத் தெரிவித்தவர்கள் யார் தெரியுமா? ஜெர்மனியின் யூத மதகுருமார்களே! அதனால் மாநாடு சுவிட்சர்லாந்தின் பாசல் நகருக்கு மாறியது.

முன்னோர் மண்ணுக்குத் திரும்புவதை மதகுருமார்களே ஏன் எதிர்த்தனர்? நாடிழந்து வாழ்வது இறைவன் விதித்த தண்டனை. மீட்பர் வரும்போதுதான் அது முடியும் என்பது பழைய நம்பிக்கை. யூதர்கள் கூட்டமாகத் திரண்டு பலவந்தமாக அம்மண்ணுக்குச் செல்லக்கூடாது என்ற ஆணையும் தால்மூட் நூலில் உள்ளது. சட்மார் பிரிவின் தலைவர் யோயல் டைட்டல்பாம் 1961இல் வெளியிட்ட நூலில் இதையே முன்வைத்து, இஸ்ரேல் நாடு அமைந்ததே பாவம் என்று வாதிட்டார்.

சியோனிசத்தை ஆதரித்த மதகுருமார்களும் இருந்தனர். 1902இல் மிஸ்ராஹி இயக்கத்தைத் தொடங்கிய ஐசக் ரைனஸ், துன்புறும் யூதர்களுக்குப் புகலிடம் வேண்டும் என்றே கருதினார். அதனால்தான் 1903இல் பிரிட்டன் கிழக்கு ஆப்பிரிக்காவில் நிலம் தர முன்வந்தபோது, அதைப் பரிசீலிக்க அவ்வியக்கத்தினரில் பெரும்பாலோர் சம்மதித்தனர்.

1921இல் பாலஸ்தீனத்தின் தலைமை மதகுருக்களில் ஒருவரான ஆபிரகாம் கூக்கின் பார்வை வேறு. கடவுள் நம்பிக்கை இல்லாத குடியேறிகளும் தம்மை அறியாமல் இறைவனின் திட்டத்தையே நிறைவேற்றுகின்றனர் என்றார் அவர். 1967 போரில் மேற்குக் கரை இஸ்ரேலின் வசமான பின், அவருடைய மகனின் மாணவர்கள் இக்கருத்தை மேலும் இறுக்கினர். 1974இல் அவர்கள் முன்னின்று உருவாக்கிய 'குஷ் எமுனிம்' இயக்கம், ஒரு சாண் மண்ணையும் விட்டுத்தரக் கூடாது என்றது.

இதற்கும் மதத்திற்குள்ளிருந்தே மறுப்பு வந்தது. உயிரைக் காப்பதே பெரிய கடமை. மண்ணைக் கொடுத்தால் போர் ஓயும் என்றால் கொடுக்கலாம் என்று ஓவாடியா யோசெப் தீர்ப்புரைத்தார்.

இவ்விவாதம் யூதர்களோடு முடிவதில்லை. 1948 போரின்போது சுமார் 7 லட்சம் பாலஸ்தீனர்கள் வீடு வாசலை இழந்தனர். அதே மண் மறுமை நாள் வரை முஸ்லிம்களுக்குரிய வக்பு நிலம் என்று ஹமாஸ் இயக்கத்தின் 1988ஆம் ஆண்டுச் சாசனம் கூறியது. மண் இறைவனின் கொடை என்று இரு தரப்பும் உரிமை கோரினால், பங்கிடுவது பாவமாகிவிடுகிறது.

எனினும், ஒரே வேதத்தைக் கற்றவர்கள் மண்ணை விடவே கூடாது என்றும், உயிருக்காக விடலாம் என்றும் தீர்ப்பளித்துள்ளனர். சமாதானத்திற்கு மதமே தடை என்போர் இதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.