அச்சுப்படத்தில் அங்கதம்: ‘இந்தியா’ இதழின் கருத்துப்படங்கள்

தொல்காப்பியர் செய்யுளியலில் அங்கதத்தைச் செம்பொருள், கரந்தது என இருவகைப்படுத்துவர். வெளிப்படையாகப் பழித்தல் முன்னது. பழியை மறைத்துக் கூறல் பின்னது. தொண்டைமானிடம் தூது சென்ற ஔவையார், அவன் படைக்கலங்களின் பொலிவைப் புகழ்வார்போல் அவனது போர்ப்பயிற்சிக் குறைவைச் சுட்டியமை (புறநானூறு 95) பின்னதற்குச் சான்றாகும். இப்பாகுபாடு அச்சுப்படத்திற்கும் பொருந்துமா என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

படம் எழுத்தறியாதார்க்கும் எட்டுவது. 1920-களில் சிவகாசியில் தோன்றிய தீப்பெட்டித் தொழில் அங்கு அச்சுத்தொழிலையும் வளர்த்தது. பெட்டியில் ஒட்டிய படச்சீட்டே வாங்குவோர்க்கு அடையாளமாயிற்று. படத்தின் இவ்வாற்றலை அதற்கு முன்னரே அரசியலுக்குப் பயன்கொண்டவர், சிவகாசிக்குத் தெற்கே எட்டயபுரத்தில் பிறந்த பாரதியார். 1906-இல் சென்னையில் தோன்றிய ‘இந்தியா’ வார இதழில் அவர் வெளியிட்ட கருத்துப்படங்கள் ஆங்கில ஆட்சியாளரையும் மிதவாதிகளையும் ஒருங்கே எள்ளின.

அமெரிக்காவில் 1754-இல் பெஞ்சமின் பிராங்க்ளின் தம் செய்தித்தாளில் எட்டுத் துண்டான பாம்பின் படத்தை வெளியிட்டார். துண்டுகளின் அருகே குடியேற்றங்களின் பெயரெழுத்துகளும், கீழே ‘சேர்க அன்றேல் சாக’ என்னும் கருத்துடைய தொடரும் இருந்தன. வெட்டுண்ட பாம்பைக் கதிரவன் மறையுமுன் சேர்த்தால் உயிர்பெறும் என்னும் மக்கள் நம்பிக்கையே அப்படத்தின் அடிநிலை. படம் உணர்த்தியதை எழுத்து உறுதிசெய்தது.

‘இந்தியா’விலும் படத்தோடு விளக்கம் அச்சாயிற்று. இது கருதத்தக்கது. அரசநிந்தனைச் சட்டமாகிய 124-ஏ பிரிவு சொல்லோடு கண்ணுக்குப் புலனாகும் உருவத்தையும் குற்றத்துள் அடக்கியது. ஆதலின் கரந்து கூறலே காப்பு என எண்ணியிருப்பின், விளக்கம் எழுதாது விடுத்திருப்பர். 1908-இல் இதழின் கட்டுரைகளுக்காகப் பதிவு ஆசிரியர் சீனிவாசன் ஐந்தாண்டுச் சிறைத்தண்டம் பெற்றார். பாரதியார் புதுவை சென்றார். இதழும் அங்கு மறுபிறவி எடுத்து 1910 மார்ச்சில் நின்றது.

எனவே, படம் கரந்ததை விளக்கம் செம்பொருளாக்கியது. இருவகை அங்கதமும் ஒரே பக்கத்தில் இணைந்தன. தப்புதலன்று, மக்களுக்குக் கற்பித்தலே அதன் நோக்கம் எனக் கொள்ளுதல் பொருந்தும். ஆ. இரா. வேங்கடாசலபதி 1994-இல் இப்படங்களைத் தொகுத்து வெளியிட்டமையால் அவை ஆய்வாளர் கைக்கு எட்டின. படத்தை விடுத்து உரைநடையை மட்டும் பதிப்பிப்பது, ஒரு பாட்டின் பாதியைப் பதிப்பிப்பதனோடு ஒக்கும். இலக்கிய வரலாறு இவற்றையும் பனுவலாகக் கொண்டு பயிலல் வேண்டும்.