கல்லூரி மாறினால் என்ன தண்டனை? ஆட்டக்கார மாணவர்களும் பூட்டி வைத்த சான்றிதழ்களும்

ஜூன் மாதம் வந்தால் சங்கரன்கோவில் பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள சுவர்களெல்லாம் கல்லூரி விளம்பரமாகிவிடும். அவற்றில் சிலவற்றின் அடியில் சின்ன எழுத்தில் ஒரு வரி இருக்கும்: விளையாட்டு வீரர்களுக்குக் கட்டணம் இல்லை. சுவரொட்டியைப் பார்க்காத பையனையும் அது தேடி வரும். கோயில் கொடைக்கு நடக்கும் கபடிப் போட்டியில் கல்லூரி உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் ஓரமாக நிற்பார். நன்றாக ரைடு போகிற பையனை ஆட்டம் முடிந்ததும் தோளில் தட்டி, "சீட் ஃப்ரீ, ஹாஸ்டல் ஃப்ரீ, சாப்பாடு ஃப்ரீ தம்பி" என்பார். கைத்தறிக்கும் விசைத்தறிக்கும் பூ பறிக்கவும் கூலிக்குப் போகிற வீட்டில் அதற்கு மேல் என்ன கேட்பார்கள்? பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், டி.சி., சாதிச் சான்றிதழ் எல்லாம் ஒரிஜினலாகவே கல்லூரி அலுவலக பீரோவுக்குள் போய்விடும்.

அந்தப் பையன் ஒரு வருடம் கழித்து வேறு கல்லூரிக்குப் போக நினைத்தால் என்ன ஆகும் என்பதுதான் இந்தக் கட்டுரை. முட்டி ஜவ்வு கிழிந்து ஆட முடியாமல் போகலாம். விடுதியில் சாதி பேசுகிறார்கள் என்று போக நினைக்கலாம். வேறு ஊரில் நல்ல பயிற்சியாளர் கிடைத்திருக்கலாம். காரணம் எதுவானாலும் அலுவலகத்தில் ஒரே பதில்தான்: இத்தனை வருடக் கட்டணத்தைக் கட்டு, பீரோவைத் திறக்கிறோம். எங்களிடம் உதவி கேட்டு வருகிற மாணவர்களில் இந்தக் கதையோடு வராத ஆண்டு கிடையாது.

இது இன்றைய தனியார் கல்லூரிகளின் பேராசை மட்டும் என்று நினைத்தால் பாதிதான் புரியும். ஆட்டக்காரன் இடம் மாறலாமா, யார் அனுமதியில் மாறலாம் என்ற கேள்விக்கு நம்மவர்களிடையே நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு இருக்கிறது.

பல்வாங்கர் பாலு 1876இல் தார்வாடில் பிறந்தவர். சாமர் சாதி. புனாவில் பார்சிகளின் கிரிக்கெட் மைதானத்தைக் கூட்டி, உருளை தள்ளும் வேலைக்கு மாதம் மூன்று ரூபாய் வாங்கினார். வெள்ளையர்களின் கிளப்பில் நான்கு ரூபாய் கிடைக்கும் என்றதும் அங்கே போய்விட்டார். ஒரு ரூபாய்க்காகத்தான் மாறினார். ஆனால் அந்த மாற்றம்தான் அவர் கையில் பந்தைக் கொடுத்தது. கிரெய்க் என்ற ஆங்கில மட்டையாளருக்கு மணிக்கணக்கில் வலையில் பந்து வீசி வீசியே அவர் இடக்கைச் சுழற்பந்தைக் கற்றார். செய்தி பரவியதும் புனா இந்து அணிக்கு அவர் தேவைப்பட்டார். களத்தில் அவர் தொட்ட பந்தைச் சவர்ணர்களும் தொட்டார்கள். தேநீர் இடைவேளையில் மட்டும் அவருக்கு வெளியே மண் குவளை, தனிச் சாப்பாடு. பிளேக் காலத்தில் பம்பாய்க்குப் போனார். அங்கே இந்து ஜிம்கானா அவரைச் சேர்த்துக்கொண்டது, தயங்கித் தயங்கி. 1906இல் இந்து அணி ஐரோப்பியரைத் தோற்கடித்ததில் பெரும் பங்கு அவருடையது. 1911இல் இங்கிலாந்து சென்ற இந்திய அணிக்காக 114 விக்கெட் எடுத்தார். கேப்டன் பதவி மட்டும் கடைசி வரை தரப்படவில்லை. 1923இல் அவர் தம்பி விட்டலுக்குத்தான் அது கிடைத்தது.

பாலுவின் கதையைத் திறமையின் வெற்றியாகச் சொல்வது வழக்கம். எங்களுக்கு அதில் இன்னொன்று தெரிகிறது. அவரை எந்தக் கிளப்பும் கட்டி வைக்கவில்லை. பார்சி மைதானம், "மூன்று வருடம் உனக்குச் சோறு போட்டோம், உன் காகிதம் எங்களிடம்தான்" என்று சொல்லியிருந்தால் அவர் உருளையோடு நின்றிருப்பார். கௌரவம் கிடைக்காத இடத்திலிருந்து நகர முடிந்ததால்தான் அடுத்த இடம் அவரோடு பேரம் பேச வேண்டியிருந்தது. ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970இல் எழுதிய நூலில் ஒரு நிறுவனம் சரியில்லாதபோது அதில் இருப்பவருக்கு இரண்டு வழி உண்டு என்கிறார்: குரல் கொடுப்பது, வெளியேறுவது. சேரியிலிருந்து போன பதினெட்டு வயதுப் பையனின் குரல் கல்லூரி நிர்வாகத்துக்குக் கேட்பது அரிது. வெளியேற முடியும் என்ற நிலை இருந்தால்தான் அவன் குரலுக்கே கொஞ்சம் எடை வரும்.

அடுத்த கதை நம் எல்லோருக்கும் தெரிந்தது, ஆனால் இந்தக் கோணத்தில் அதிகம் பேசப்படாதது. அண்ணல் அம்பேத்கர் விளையாட்டு வீரர் அல்ல. உதவித்தொகையில் படித்து, படிப்பின் நடுவே பல்கலைக்கழகம் மாறியவர். 1913 ஜூன் 4 அன்று, படிப்பு முடிந்ததும் பரோடா சமஸ்தானத்தில் பத்தாண்டு வேலை செய்வதாக ஒப்பந்தம் எழுதிக் கொடுத்த பிறகே அவர் நியூயார்க் போனார். 1916இல் கொலம்பியாவிலிருந்து லண்டன் வந்து பொருளாதாரப் பள்ளியிலும் கிரேஸ் இன்னிலும் சேர்ந்தார். படிப்பு பாதியில் இருக்கும்போது 1917இல் உதவித்தொகை முடிந்தது, திரும்பி வரச் சொன்னார்கள். ஒப்பந்தப்படி பரோடாவுக்குப் போனவருக்குத் தங்க வீடு கிடைக்கவில்லை. பெயரை மறைத்துத் தங்கிய பார்சி விடுதியிலிருந்து தடியோடு வந்தவர்கள் விரட்டினார்கள். அலுவலகத்தில் பியூன்கள் கோப்பைத் தூக்கி எறிந்தார்கள். அந்த வேலையைக் கைவிட்டு அவர் பம்பாய் திரும்பினார்.

லண்டன் பல்கலைக்கழகம் இங்கே என்ன செய்தது என்று கவனியுங்கள். நான்கு ஆண்டுக்குள் வந்து விட்ட இடத்திலிருந்து தொடரலாம் என்று அனுமதி கொடுத்தது. சிடனாம் கல்லூரியில் பேராசிரியராக இருந்து சேர்த்த பணம், கோலாப்பூர் சாகு மகராஜின் உதவி, நண்பர் நவல் பதேனா கொடுத்த கடன், இவற்றோடு 1920இல் திரும்பிப் போனார். 1921இல் எம்.எஸ்சி., 1923இல் டி.எஸ்சி. கற்ற இடங்கள் அவரைத் தடுக்கவில்லை. காசு கொடுத்த கயிறுதான் இழுத்தது.

கடலுக்கு அப்பால் இதே கயிற்றைக் கறுப்பினத்தவர்கள் அறுத்த கதையையும் சேர்த்துப் படிக்க வேண்டும். கர்ட் ஃப்ளட் என்ற பேஸ்பால் வீரரை 1969இல் அவர் அணி, அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வேறு ஊருக்கு மாற்றியது. நான் வாங்கி விற்கும் சொத்து அல்ல என்று அவர் நீதிமன்றம் போனார். அடிமை முறையை ஒழித்த சட்டத் திருத்தத்தையே வாதமாக வைத்தார். 1972இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றார், அவர் ஆட்ட வாழ்க்கையும் முடிந்தது. அவர் திறந்து வைத்த வாசலில் சில ஆண்டுகளில் மற்றவர்கள் நுழைந்தார்கள். கல்லூரி வீரர்களுக்கு அந்த வாசல் இன்னும் தாமதமாகத்தான் திறந்தது. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுச் சங்கத்தின் விதிப்படி கால்பந்து, கூடைப்பந்து போன்றவற்றில் கல்லூரி மாறிய வீரர் ஓராண்டு ஆடாமல் உட்கார வேண்டியிருந்தது. பயிற்சியாளர்களோ கோடிகளுக்குக் கல்லூரி மாறி மறுநாளே வேலையைத் தொடங்கலாம். 2021இல் ஒருமுறை தண்டனையின்றி மாறலாம் என்றார்கள். 2023 டிசம்பரில் சில மாநிலங்கள் தொடுத்த வழக்கில் நீதிமன்றம் தடை போட்டபின், 2024 ஏப்ரலில் எத்தனை முறை மாறினாலும் உட்கார வேண்டியதில்லை என்றாகிவிட்டது.

அங்கே தண்டனை, ஓராண்டு ஆடாமல் இருப்பதாக இருந்தது. இங்கே நம் பிள்ளைகளுக்கு என்ன?

முதலாவது, மேலே சொன்ன பீரோ. இரண்டாவது எந்தச் சுவரொட்டியிலும் இல்லாதது. பட்டியலின மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைத் திட்டத்தின் நிபந்தனைகளில் ஒன்று இப்படிச் சொல்கிறது: மாநில அரசின் முன் அனுமதி இல்லாமல் பாடத்தையோ கல்வி நிறுவனத்தையோ மாற்றினால் உதவித்தொகையை ரத்து செய்யலாம், கல்லூரித் தலைவர் அதை அரசுக்குத் தெரிவித்துப் பணத்தை நிறுத்த வேண்டும், கொடுத்த தொகையையும் அரசு நினைத்தால் திரும்ப வசூலிக்கலாம். 1944இல், வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் அம்பேத்கர் இருந்த காலத்தில் தொடங்கிய திட்டம் இது. பரோடா கயிற்றை அனுபவித்தவரின் போராட்டத்தில் பிறந்த திட்டத்தில் அதே மாதிரி ஒரு முடிச்சு இன்றும் இருக்கிறது. கட்டணம் கட்டும் வீட்டுப் பிள்ளை கல்லூரி மாறினால் யாரும் அரசுக்குக் கடிதம் எழுதுவதில்லை. நம் பிள்ளை மாறினால்தான் கடிதம் போகும்.

நம் பக்கத்தில் கபடியும் சாதியும் எவ்வளவு நெருக்கம் என்பதை நினைவில் வைத்து இதைப் பாருங்கள். 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்று 1995இல் அர்ஜுனா விருது பெற்ற மணத்தி கணேசனின் மண் இது. 2025 மார்ச்சில் ஸ்ரீவைகுண்டம் வட்டாரத்தில் தேர்வு எழுதப் பேருந்தில் போன பதினொன்றாம் வகுப்பு தலித் மாணவனை இறக்கி விரல்களை வெட்டியதும் இதே மண்ணில்தான். கபடியில் அவன் அணி வென்றதுதான் காரணம் என்றார்கள் குடும்பத்தார். 2023இல் நாங்குநேரியில் வெட்டப்பட்ட மாணவன், துன்புறுத்தல் தாங்காமல் ஏற்கெனவே பள்ளிக்குப் போவதை நிறுத்தியிருந்தான். அதன்பின் அமைந்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. கையில் கட்டும் சாதிக் கயிறு வரை அதில் பேசப்பட்டது. இந்த மாவட்டங்களில் கல்லூரி மாற நினைக்கும் ஒரு தலித் வீரருக்கு அது வாய்ப்பைத் தேடும் விஷயமாக மட்டும் இருப்பதில்லை. பல நேரம் உயிருக்குப் பயந்த விஷயம்.

எதிர்த்தரப்பு சொல்வதில் ஒரு நியாயம் உண்டு, அதை நாங்கள் மறுக்கவில்லை. சின்ன ஊர்க் கல்லூரியில் ஓர் உடற்கல்வி ஆசிரியர் தன் சம்பளத்தில் முட்டை வாங்கிக் கொடுத்து இரண்டு வருடம் ஒரு பையனை வளர்க்கிறார். மாநிலப் போட்டியில் அவன் பெயர் வந்ததும் பெருநகரக் கல்லூரி அள்ளிக்கொண்டு போகிறது. இது அநியாயம்தான். ஆனால் அந்த நஷ்டத்தைப் பையன் ஏன் கட்ட வேண்டும்? 1995இல் பெல்ஜியக் கால்பந்து வீரர் போஸ்மன் வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம், ஒப்பந்தம் முடிந்த வீரருக்குப் பழைய கிளப் விலை கேட்கக் கூடாது என்றது. அப்போதும் சின்ன கிளப்புகள் அழிந்துவிடும் என்றார்கள். 2001இல் ஃபிஃபா ஒரு வழி செய்தது: இளம் வீரரை வளர்த்த கிளப்புக்குப் புதிய கிளப் பயிற்சி ஈட்டுத்தொகை கொடுக்க வேண்டும். கணக்கு இரு நிறுவனங்களுக்குள். பல்கலைக்கழக விளையாட்டில் இதைச் செய்ய என்ன தடை?

அமெரிக்க அனுபவம் இன்னொன்றையும் காட்டுகிறது. கதவு திறந்ததும் வெளியே வந்த பலருக்குப் புதிய கல்லூரி கிடைக்கவில்லை, பழைய உதவித்தொகையும் போனது. ஆகவே மாறும் உரிமை மட்டும் போதாது, மாணவரோடு பணமும் நகர வேண்டும். போஸ்ட் மெட்ரிக் நிபந்தனையில் "முன் அனுமதி" என்பதை "தகவல் தெரிவித்தல்" என்று மாற்ற வேண்டும் என்பது எங்கள் கோரிக்கை. அதுவரை, விண்ணப்பித்த பதினைந்து நாளில் பதில் வராவிட்டால் அனுமதி கிடைத்ததாகக் கொள்ள வேண்டும். கணக்கு மாணவரின் பெயரில் இருக்கிறது, கல்லூரியின் பெயரில் அல்ல.

பீரோவைப் பொறுத்தவரை சட்டம் ஏற்கெனவே நம் பக்கம். அசல் சான்றிதழைக் கல்லூரி வைத்துக்கொள்ளக் கூடாது என்று யு.ஜி.சி. 2007இலேயே அறிவித்தது. 2018 அக்டோபர் அறிவிப்பு இன்னும் தெளிவு: சேர்க்கையின்போது அசலைப் பார்த்துவிட்டு உடனே திருப்பித் தர வேண்டும், சுய சான்றொப்பமிட்ட நகல் போதும். படிக்க விரும்பாத படிப்புக்குக் கட்டணம் வசூலிக்க ஆவணத்தைப் பிடித்து வைப்பது, 2023 மாணவர் குறைதீர்ப்பு விதிமுறைகளின்படி புகாருக்கு உரிய குறை. கல்விச் சான்றிதழ் அடகுப் பொருள் அல்ல, 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தைக் காட்டி அதைப் பிடித்து வைக்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பள்ளி டி.சி.யில் கட்டண பாக்கி என்று எழுதவே கூடாது என்று 2024 ஜூலையில் உத்தரவிட்டதும் அதே நீதிமன்றம்தான். 2007 முதலே விதி இருந்தும் பீரோ பூட்டியே இருக்கிறது என்றால், அலுவலகத்தில் நின்று கேட்பவர் யார் என்பதைப் பொறுத்தே விதி வேலை செய்கிறது.

இந்த ஆண்டு சேரப்போகிற தம்பி தங்கைகள் அசலைக் காட்டுங்கள், கொடுக்காதீர்கள். ஏற்கெனவே கொடுத்தவர்கள், எந்தெந்தச் சான்றிதழ் எந்தத் தேதியில் பெறப்பட்டது என்று முத்திரையோடு எழுதி வாங்குங்கள். தர மறுத்தால் முதலில் கல்லூரியின் மாணவர் குறைதீர்ப்புக் குழுவுக்கு எழுத்தில் புகார். அந்தக் குழுவில் பட்டியலினம், பழங்குடி அல்லது பிற்படுத்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த உறுப்பினர் ஒருவராவது இருக்க வேண்டும் என்பது விதி. இருக்கிறாரா என்று பாருங்கள். அடுத்து பல்கலைக்கழகக் குறைகேட்பாளர். தென்காசி ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மனு கொடுக்கலாம், ரசீது எண் முக்கியம். கல்லூரி மாறுவதென்று முடிவு செய்தால் டி.சி. வாங்குவதற்கு முன்பே மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகத்தில் அனுமதி மனுவைக் கொடுத்து, நகலில் தேதியோடு சீல் போட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.